வாப்பாவின் குரலும் ஒரு பென் டிரைவும்

வளைகுடா நாடுகளுக்கு நம்மவர்கள் பெருமளவில் பிழைப்புத் தேடிச் சென்ற 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், கடிதத்தோடு கேசட்டும் கடல் கடந்து வந்தது என்பதை இன்றைய இளைய தலைமுறை அறிந்திருக்க வாய்ப்பில்லை. டிரங்கால் பதிவு செய்துவிட்டு நாள் முழுதும் காத்திருக்க வேண்டிய காலம் அது. மூன்று நிமிடப் பேச்சுக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்க்கும்போதே பாதிப் பேச்சு மறந்துவிடும். ஆகவே, விடுமுறையில் ஊர் திரும்பும் நண்பர் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். இரு பக்கமும் சேர்ந்து ஒரு மணி நேரம். ஸலாம் கூறித் தொடங்கி, பெரியவர் முதல் தொட்டில் பிள்ளை வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்து முடிக்கவே முதல் பக்கம் போய்விடும். வீட்டார் அனைவரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்த பின், அதே கேசட்டில் பழைய பேச்சின் மேல் தங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். சிக்கனம் கருதிச் செய்த அந்தக் காரியத்தில் எத்தனை வாப்பாமார்களின் குரல்கள் அழிந்து போயினவோ, அல்லாஹ்தான் அறிவான்.

எங்கள் உம்மா அதற்கு இணங்கவில்லை. மர்ஹூம் வாப்பா ஜித்தாவில் இருந்த 1978 முதல் 1989 வரையிலான ஆண்டுகளில் வந்த கேசட் ஒவ்வொன்றையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, பதிலுக்குப் புதிய கேசட் வாங்கச் சொல்வார்கள். "அவுக பேசினதை அழிச்சிட்டு அதும் மேல நான் பேசுறதா?" என்பது அவர்களின் ஒரே வாதம். கைச்செலவில் பிடித்தம் செய்தாவது வாங்கிவிடுவார்கள். இப்படிச் சேர்ந்தவை நாற்பத்தொன்று. வாப்பா 1994இல் வஃபாத்தானார்கள். எங்கள் பிள்ளைகளில் எவரும் அவர்களைக் கண்டதில்லை. அவர்கள் அறிந்த பாட்டனார் அந்த நாற்பத்தொரு கேசட்டுகள்தாம்.

கேசட் என்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்ஸைடைப் பசையால் ஒட்டியது. அந்தப் பசைக்கும் ஆயுள் உண்டு. கடலோர ஊரின் ஈரக்காற்றில் அது விரைவில் தளர்ந்து, நாடா ஓடும்போது பொடி உதிரும். 2019ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மகன் இதைக் கண்டு, "இன்னும் ரெண்டு மூணு தடவை ஓட்டினா இது தீர்ந்திடும் உம்மா" என்று சொல்லி, எங்கேயோ அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மலிவாக வாங்கி, அதில் தலா 4 டி.பி. கொள்ளளவுள்ள இரண்டு ஹார்டு டிஸ்குகளைப் பொருத்தி, மாடி அறையில் ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்தான். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். ஆகவே ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசியிலிருந்தும் அதனுள் இருப்பதைக் கேட்கலாம், பார்க்கலாம். மற்ற வேலையெல்லாம் என்னுடையது. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். அதில் குறுக்கு வழி கிடையாது. சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 எம்.பி. இடம் பிடிக்கும். நாற்பத்தொன்றும் சேர்ந்து சுமார் 25 ஜி.பி. அதன் பின், குடும்பத் திருமணங்களின் பழைய வீடியோ கேசட்டுகள் ஏறின. இவை மணிக்கு 13 ஜி.பி. விழுங்கின. உம்மம்மா தம் கைப்பட அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த மஸாயில் குறிப்பேட்டின் பக்கங்களும் ஸ்கேன் செய்யப்பட்டன. 2022இல் வேலை முடிந்தது. எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் எடுக்கப்பட்டு, கையடக்க ஹார்டு டிஸ்க் ஒன்றில் கீழறை அலமாரியில் வைக்கப்பட்டது. 2024 ஜனவரி விடுமுறையில் வரும்போது அதைக் கோலாலம்பூருக்கு எடுத்துச் செல்வதாக மகன் சொல்லியிருந்தான்.

அதற்குள் 2023 டிசம்பர் 17 வந்தது.

காயல்பட்டினத்தின் பெயர் அன்று நாடெங்கும் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அருகிலுள்ள திருச்செந்தூரில் 69 செ.மீ. ஓராண்டு முழுவதும் எங்கள் பகுதியில் பெய்கின்ற மழையைவிட அதிகமானது ஒரே நாளில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் இரவு நேரம் முற்றத்தில் ஏறிய தண்ணீர் சிறிது நேரத்தில் இடுப்பளவானது. உம்மாவைத் தூக்கி மாடிக்குக் கொண்டுசெல்வதற்கே எங்களால் முடிந்தது. மூன்று நாட்கள் மாடியிலேயே கழிந்தன. தெருப் பள்ளிவாசலில் சமைத்த கஞ்சியை இளைஞர்கள் கயிறு கட்டி மேலே ஏற்றித் தந்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.

தண்ணீர் வடிந்த பின் கீழே இறங்கினோம். கேசட் பெட்டி சேற்றுக்குள் கிடந்தது. கையடக்க ஹார்டு டிஸ்க் இருந்த அலமாரி குப்புற விழுந்திருந்தது. உம்மம்மாவின் குறிப்பேட்டில் மை முழுதும் கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக ஆகியிருந்தன. நனைந்த கேசட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் சில பிழைக்கும் என்று அறிந்து அவ்வாறே செய்தோம். நாடா சுருங்கியும் ஒட்டியும் போனவையே அதிகம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. "மேல இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

மின்சாரம் திரும்பி, வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்துக் கொடுத்த பின்பு, டிசம்பர் இறுதியில் மாடியிலிருந்த சர்வரை இயக்கினோம். விளக்குகள் எரிந்தன, ஹார்டு டிஸ்குகள் சுழலும் ஓசையும் கேட்டது. ஆனால் திரையில், துவக்குவதற்குரிய கருவி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டாலும் அதுவே. தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்த ஒரே நகலும் வாய் திறக்க மறுத்தது.

லாத்தாவின் கணவர் அதை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஊர்க் கம்ப்யூட்டர் கடையொன்றுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் இரு டிஸ்குகளையும் கழற்றித் தம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டிலும் ஒன்றும் இல்லை, எல்லாம் போய்விட்டது. ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன், 2,500 ரூபாய் ஆகும்" என்று கூறியிருக்கிறார். மச்சான் என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் கேட்டார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஓசையோடு சுழல்வது என்ன என்பதே என் மனத்தில் எழுந்த கேள்வி. "ஒன்றும் செய்ய வேண்டாம் மச்சான், அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள்" என்றேன். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. தமக்குத் தெரிந்த மொழியில் எழுதப்படாத ஏட்டைக் கண்டு வெற்று ஏடு என்றார், அவ்வளவுதான். அரபுத்தமிழ் தெரியாதவர் உம்மம்மாவின் குறிப்பேட்டைக் கண்டாலும், அரபி போலிருக்கிறது, ஆனால் அரபியாக இல்லை என்று ஒதுக்கிவிடக் கூடுமல்லவா?

அன்று இஷாவுக்குப் பின் மகனை அழைத்தேன். மலேசியாவில் இரவு பத்து மணி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒரு சின்ன பென் டிரைவ் சொருகியிருக்கும், அது கெட்டுப் போயிருக்கு உம்மா. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான். அவன் குரலில் இருந்த உறுதி முழுமையானதா, எனக்காகக் கூட்டியதா என்று அப்போது தெரியவில்லை.

விஷயம் இதுதான். வீட்டு சர்வரில் இரு வேறு பொருட்கள் உள்ளன. ஒன்று சரக்கு, மற்றொன்று கணக்கப்பிள்ளை. சரக்கு பெரிய ஹார்டு டிஸ்குகளில் இருக்கிறது. எந்தச் சரக்கு எங்கே, யாருக்கு எதை எடுத்துக் கொடுக்கலாம் என்று அறிந்து கடையைத் திறக்கும் கணக்கப்பிள்ளையாகிய இயக்க மென்பொருள், தனியான ஒரு சிறு துவக்கக் கருவியில் வசிக்கிறது. எங்கள் சர்வரில் அது 16 ஜி.பி. பென் டிரைவ். கணக்கப்பிள்ளை இறந்துவிட்டால் கடை திறக்காது. ஆனால் கிடங்கில் உள்ள மூட்டை ஒன்றுகூடக் குறையாது.

பென் டிரைவ் ஏன் செத்தது? அதனுள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்திலும் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு உண்டு. எப்போதாவது பாட்டும் படமும் ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட பொருளை, ஆண்டு முழுதும் இரவும் பகலும் எழுதிக்கொண்டிருக்கும் வேலைக்கு வைத்தால் தேய்ந்துதான் போகும். எங்கள் சர்வரில் உள்ள மென்பொருளின் பெயர் ட்ரூநாஸ். 2005இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஒலிவியே கொஷார்-லாபே தொடங்கிய ஃப்ரீநாஸ் என்ற இலவச மென்பொருளே 2020இல் இப்பெயர் பெற்றது. பழைய ஃப்ரீநாஸ், பென் டிரைவைப் படிப்பதற்கு மட்டுமே பயன்படுத்தியது. ஆகவே அது பல்லாண்டு உழைத்தது. 2014 இறுதியில் வந்த பதிப்பு முதல், அதில் எழுதவும் தொடங்கியது. அதன் பின் உலகெங்கும் பென் டிரைவ்கள் மடியத் தொடங்கவே, துவக்கக் கருவியாக எஸ்.எஸ்.டி.யை வைக்குமாறு தயாரிப்பாளர்களே இப்போது அறிவுறுத்துகிறார்கள்.

சரக்கைக் காத்தது இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 2001இல் ஜெஃப் பான்விக், மேத்யூ அரென்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கி, 2005இல் வெளியுலகுக்குத் திறந்துவிட்டது. இதன் சிறப்புகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இருப்பதன் மேல் அது எழுதுவதில்லை. புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பின்புதான் பழையதை விடுகிறது. (எங்கள் உம்மா 1978லேயே கண்டுபிடித்த முறை இது.) அதனால் டிசம்பர் 17 அன்று மின்சாரம் திடீரென நின்றபோதும் உள்ளிருந்த கணக்கு குழம்பவில்லை. இரண்டாவது, தன் அடையாளத்தை அது கணக்கப்பிள்ளையிடம் மட்டும் ஒப்படைப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்கிலும், தொடக்கத்தில் இரண்டு, இறுதியில் இரண்டு என நான்கு இடங்களில், நான் இன்ன சேமிப்பைச் சேர்ந்தவன், என் துணை இன்னது என்று எழுதி வைத்துக்கொள்கிறது. புதிய கணக்கப்பிள்ளை ஒருவர் வந்து மூட்டைகளில் ஒட்டிய சீட்டைப் படித்தாலே போதும்.

ஒன்றே ஒன்று என் மகனை அச்சுறுத்தியது. மறுநாள்தான் அதைச் சொன்னான். பழைய ஃப்ரீநாஸில் டிஸ்குகளுக்குப் பூட்டுப் போடும் வசதி இருந்தது. அந்தப் பூட்டின் சாவி துவக்கக் கருவியிலேயே இருக்கும். அவ்வாறு பூட்டி, சாவிக்கு வேறு நகல் எடுக்காதவர்கள், பென் டிரைவ் போனதும் சரக்கையும் என்றென்றைக்குமாக இழந்தார்கள். சரக்கு கண்ணெதிரே இருக்கும்; திறக்க உலகில் எவராலும் முடியாது. தான் 2019இல் பூட்டினேனா இல்லையா என்று அன்றிரவு முழுதும் நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறான். காலையில் தன் பழைய குறிப்புகளைத் தேடிக் கண்டு, "பூட்டுப் போடலை உம்மா. நான் இல்லாத நேரத்துல யாராவது திறக்கணுமேன்னு போடாம விட்டிருக்கேன்" என்றான். வணிகக் கணக்கும் பத்திரமும் வைத்திருப்போருக்குப் பூட்டு அவசியந்தான். பாட்டனாரின் ஸலாமையும் பேரப்பிள்ளைகளின் படங்களையும் வைக்கும் பெட்டிக்கு, திருடனைவிடத் தொலைந்த சாவியே பெரிய பகை என்பது என் கருத்து.

சாலைகள் ஓரளவு சீரான பின், ஜனவரி முதல் வாரத்தில் தூத்துக்குடிக்குச் சென்று 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி வரச் செய்தோம். விலை ரூ. 1,350. கைவேலைக்கு லாத்தாவின் மகள் வந்தாள். கல்லூரியில் கணினி படிக்கிறாள். நான் பக்கத்தில் அமர்ந்து தொலைபேசியைப் பிடித்துக்கொண்டேன். மகன் கோலாலம்பூரிலிருந்து சொல்லச் சொல்ல, அவள் செய்தாள்.

முதல் கட்டளை விசித்திரமாக இருந்தது. "ரெண்டு ஹார்டு டிஸ்க்கையும் வயரைக் கழற்றிடு." காப்பாற்ற வேண்டியதையே அகற்றுவதா என்று நான் விழித்தேன். பிறகுதான் புரிந்தது. புதிய மென்பொருளை நிறுவும்போது, எந்த டிஸ்கில் போடட்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்கும். தேர்ந்தெடுத்த டிஸ்கை முழுதும் துடைத்துவிட்டே அமரும். களைத்த கண்ணோடு ஒரு வரி மாற்றித் தேர்ந்தால், வெள்ளம் விட்டுவைத்ததைக் கை அழித்துவிடும். இணைப்பில் இல்லாத டிஸ்கை எவராலும் தவறித் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த டிஸ்க் எந்த இணைப்பில் இருந்தது என்று சீட்டு ஒட்டிக்கொண்டோம், இசட்.எஃப்.எஸ். அதைப் பொருட்படுத்தாது என்று அவன் சொன்ன போதிலும், என் மன அமைதிக்காக.

முன்பிருந்த அதே 13.0 பதிப்பை இணையத்திலிருந்து இறக்கி, வேறொரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து எஸ்.எஸ்.டி.யில் நிறுவினாள். பழைய பதிப்பைப் போட்டால் டிஸ்குகளில் உள்ள புதிய அமைப்புகளை அது அறியாமல் போகலாம். அதனால் அதே பதிப்பு, அல்லது அதற்கு மேற்பட்டது. இதற்கு அரை மணி நேரம் ஆனது. பின்பு அணைத்து, டிஸ்குகளை மாட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி மீண்டும் இயக்கினோம்.

"உடனே திறக்க வேணாம். முதல்ல என்ன இருக்குன்னு கேளுங்க" என்றான். அவள் ஒரு கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் சில வரிகள் வந்தன. முதல் வரியில் ஆங்கில எழுத்தில் 'பெட்டகம்' என்றிருந்தது. 2019இல் மகன் அந்தச் சேமிப்புக்கு இட்ட பெயர் அதுவே. அதன் கீழ் இரண்டு டிஸ்குகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நலம் என்று பொருள்படும் சொல். "சாச்சி, ரெண்டும் உயிரோட இருக்கு!" என்று பிள்ளை கூவினாள். மறுமுனையில் மகன் சற்று நேரம் பேசவில்லை. அவனுடைய உறுதியில் எவ்வளவு எனக்காகக் கூட்டியது என்பது அப்போது விளங்கியது.

இந்தச் சேமிப்பு வேறொரு கம்ப்யூட்டரின் பயன்பாட்டில் இருக்கக்கூடும் என்றோர் எச்சரிக்கையும் வந்தது. பழைய கணக்கப்பிள்ளையிடம் முறையாக விடைபெறாமல் வந்ததால் எழும் ஐயம் இது. அந்தக் கணக்கப்பிள்ளை இனி இல்லை என்பது நமக்குத் தெரியும் என்பதால், கட்டாயப்படுத்தித் திறக்கலாம். ஆனால் முதல் முறை, படிப்பதற்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு திறக்கச் செய்தான். அப்போது உள்ளே ஓர் எழுத்தும் மாறாது. ஏதேனும் கோளாறு இருந்தாலும் நம்மால் அது பெருகாது. அந்த நிலையிலேயே, வேறு எதையும் தொடுமுன், வாப்பாவின் நாற்பத்தொரு கேசட்டுகளையும் கம்பி வழியே அவளுடைய மடிக்கணினிக்கு நகலெடுத்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

உம்மா அதுவரை மாடிப்படியின் மேல் முகப்பில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். வெள்ளத்துக்குப் பின் அவர்கள் கீழே இறங்க விரும்பவில்லை. ஏதாவது ஒன்றைப் போடு என்றேன். அவள் கைக்கு வந்ததைப் போட்டாள். காற்றாடிச் சத்தம், யாரோ இருமும் ஓசை, தூரத்தில் ஒரு பாங்கு. பின்பு வாப்பா. 1983ஆம் ஆண்டு வந்த கேசட் அது. கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க எவ்வளவு ஆயிற்று என்று சென்ற கேசட்டில் கேட்டதற்கு ஏன் இன்னும் பதில் இல்லை என்று சிறிது கோபத்தோடு கேட்கிறார்கள். உம்மா ஆண்டுகள் பலவாக இந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருப்பவர்கள். "நூத்திப் பத்து ரூவா, நூத்திப் பத்து ரூவா. எத்தனை தடவை சொல்றது?" என்றார்கள். லாத்தா மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை, முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தையும் போடச் சொன்னார்கள்.

மற்றவை மறுநாள் நடந்தன. சேமிப்பை ஒரு முறை மூடி, இம்முறை வழக்கமான திரை வழியே முழு உரிமையோடு திறந்தோம். சரக்கு வந்துவிட்டது, ஆனால் யார் யார் எதைப் பார்க்கலாம், எந்தப் பெயரில் வீட்டுக் கைப்பேசிகளுக்குத் தோன்ற வேண்டும் என்பன போன்ற அமைப்புகள் பழைய பென் டிரைவோடு போய்விட்டன. அவற்றையும் மீட்கும் வழி இருந்தது. அந்த மென்பொருள் இரவுதோறும் தன் அமைப்புகள் அடங்கிய கோப்பை, கிடங்கின் மறைவான ஒரு மூலையில் நாளிட்டு நகல் வைக்கிறது. கடைசிக் கோப்பின் பெயர் 20231217. அந்த ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் நிற்பதற்கு முன் எழுதப்பட்டது. அதை ஏற்றியதும் சர்வர் தானே அணைந்து எழுந்து, பழைய பெயர்களோடும் பழைய முகவரியோடும் வந்து நின்றது. கடவுச்சொற்கள் சிலவற்றை மட்டும் புதிதாக இட வேண்டியிருந்தது.

பின்னர், உள்ளிருக்கும் ஒவ்வொரு துண்டையும் படித்து, அதனதன் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும் சோதனை நடந்தது. ஏறத்தாழ 1.1 டி.பி. சரக்குக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஒரு டிஸ்கில் சில துண்டுகள் சிதைந்திருந்தன. மற்றொன்றில் இருந்த நல்ல நகலைக் கொண்டு அதுவே திருத்திக்கொண்டது. இழப்பு ஏதுமில்லை. அந்த டிஸ்கைப் பிப்ரவரியில் மாற்றிவிட்டோம்.

இந்தச் செய்தி தெருவில் பரவியதும் பலர் வந்து விசாரித்தார்கள். ஏன் இந்தத் தொல்லை, எல்லாவற்றையும் இணையக் கிடங்கில் போட்டுவிடலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். போடலாம், அதுவும் ஒரு நகல். ஆனால் மாத வாடகை நின்றால் அங்கே என்ன ஆகும் என்பதையும், கடவுச்சொல் அறிந்த ஒருவர் மவ்த்தானால் வீட்டார் எப்படித் திறப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வேறொருவர், இரண்டு டிஸ்குகள் இருக்கும்போது மறுநகல் எதற்கு என்றார். இரண்டு டிஸ்க் என்பது டிஸ்க் பழுதுக்கு மட்டுமே மருந்து. வெள்ளம், தீ, திருட்டு, ஒருவர் கைதவறி அழிப்பது ஆகியவை இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்தவர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், அதனை ஒன்றுதிரட்டும் பணியை ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்த வரலாறு நம் பிள்ளைகளுக்கு மதரஸாவிலேயே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. உள்ளங்களில் பாதுகாக்கப்பட்டிருந்தும், எழுத்திலும் திரட்டினார்கள். எழுத்தில் திரட்டிய பின்பு உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் படிகள் எடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். இறைமறைக்கு இறைவனின் காவல் உண்டு என்று அறிந்தவர்களே இவ்வளவு செய்தார்கள். வீட்டுக் கேசட்டுகளை அதனோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால் வெவ்வேறு நகரங்கள் என்ற சொல்லை இப்போது கேட்கும்போதெல்லாம், கீழறை அலமாரி என் கண்முன் வருகிறது.

இப்போதுள்ள ஏற்பாடு இது. சர்வர் மாடியிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு யு.பி.எஸ். வாங்கியாயிற்று. முழு நகல் ஒன்று கோலாலம்பூரில் மகனிடமும், மற்றொன்று சென்னையில் தம்பியிடமும் உள்ளன. அமைப்புக் கோப்பின் நகல் ஒவ்வொரு மாதமும் மூவருக்கும் மின்னஞ்சலில் செல்கிறது. சர்வர் திறக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று லாத்தா மகள் தமிழில் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, கம்ப்யூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். அதன் முதல் வரி, "ஃபார்மட் செய்யலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லவும்." உம்மம்மாவின் குறிப்பேட்டை அச்சிட்டு நூல்கட்டி, அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூன்று பெண்களுக்குக் கொடுத்திருக்கிறோம், அவர்களில் ஒருவர் வாரந்தோறும் வந்து எங்கள் பேத்திகளுக்கு அதை வாசிக்கக் கற்றுத் தருகிறார். இப்போது பதினேழாம் பக்கம் நடக்கிறது.